டூயோடோனில் பட்டுக்கரை மறைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

தாரணி:
தங்கையின் அரங்கேற்ற அழைப்பிதழ் அட்டைக்காக ஒரு படத்தை டூயோடோனாக, அதாவது இரண்டே நிறங்களில் அமையும் படமாக, மாற்றி வருகிறேன். சிவப்புப் பட்டு, பச்சைக் கரை. ஃபோட்டோஷாப்பில் கிரேடியன்ட் மேப் (இருட்டு முதல் வெளிச்சம் வரை ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் தரும் கருவி) போட்டு நிழலுக்கு நீலமும் வெளிச்சத்துக்கு மஞ்சளும் கொடுத்தேன். கரை பட்டின் உடலோடு கலந்து மறைந்துவிட்டது, முகமும் சாம்பல் பூத்து நிற்கிறது. அம்மாவின் கல்யாணப் புடவையை வெட்டித் தைத்த உடை அது. கரை தெரியாவிட்டால் இந்த அட்டையே எனக்கு வேண்டாம்.

முருகு_78:
கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்.

ஒளிநாடி:
ஆகாது, முருகு. கிரேடியன்ட் மேப் நிறத்தைப் பார்ப்பதில்லை, ஒளிர்வை மட்டுமே பார்க்கிறது. வழக்கமான ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 59 விழுக்காடு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. 255 வரை போகும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளில் சொன்னால், முழுச் சிவப்பு (255, 0, 0) அந்தக் கணக்கில் 76 ஆகிறது, (0, 128, 0) என்ற பச்சை 75. சமமாகிவிட்ட இரண்டைக் கான்ட்ராஸ்டால் பிரிக்க முடியாது. நிறம் இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும்.

தாரணி, கிரேடியன்ட் மேப்புக்குக் கீழே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வையுங்கள். அதில் ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதற்குத் தனித்தனி ஸ்லைடர் இருக்கும், கிரீன்ஸை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். ரெட்ஸைத் தொடாதீர்கள், உதடும் கன்னமும் அதில்தான் இருக்கின்றன.

முகத்துக்குக் காரணம் வேறு. நீலமும் மஞ்சளும் எதிர் நிறங்கள், பாதி வழியில் சந்திக்கும்போது வெறும் சாம்பல்தான் மிஞ்சும். நம்முடைய மாநிறத் தோல் சரியாக அந்த நடுவில் வந்து விழுகிறது. நிழலுக்கு நாவற்பழ நிறம் (50, 0, 70), வெளிச்சத்துக்கு வெளிர் ஆரஞ்சு (255, 210, 130) கொடுத்துப் பாருங்கள். நடுவில் செம்மண் நிறம் வரும், முகத்துக்கு உயிர் வந்துவிடும். நீலமும் மஞ்சளும் திரையில் பளிச்சென்று இருக்கலாம், ஆனால் மனித முகத்துக்கு நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சிவகாசி_ஆப்செட்:
அம்மா, அச்சில் எத்தனை கலர் என்று முதலில் கேளுங்கள். நான்கு கலர் வேலை என்றால் மேலே சொன்னதே போதும். இரண்டே மையில் அடிப்பதாக இருந்தால் படத்தை 8 பிட் கிரேஸ்கேலாக்கி, மோட் மெனுவில் டூயோடோன் எடுத்து, ஒவ்வொரு மைக்கும் தனித்தனி வளைவு (எந்த ஒளிர்வில் எவ்வளவு மை என்ற கணக்கு) கொடுக்க வேண்டும். இந்த முறை பிறந்ததே அச்சகத்தில்தான். ஒரு மை மட்டும் அச்சில் ஏறத்தாழ 50 சாம்பல் படிகளைத்தான் காட்டும், குறையை இரண்டாவது மை நிரப்பும். இரு மைகளின் ஸ்கிரீன் கோணங்களுக்கு (அச்சுப் புள்ளி வரிசைகளின் சாய்வு) இடையே 30 பாகை இருக்கட்டும், இல்லையென்றால் படம் முழுக்க அலையலையாகக் கோலம் விழும். ஜேபெக்காகச் சேமிக்க முடியாது, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.

தாரணி:
நான்கு கலர்தான், ஐயா. கரை வந்துவிட்டது! மயில் உருவங்கள்கூடத் தெரிகின்றன. ஆனால் ஜரிகை வெளுத்து ஒரே பட்டையாகத் தெரிகிறது.

ஒளிநாடி:
பட்டுப் பச்சையில் மஞ்சளும் கலந்திருக்கும், ஜரிகையிலும் அதே மஞ்சள்தான். முதல் லேயருக்குக் கீழே இன்னொரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் வைத்து, அதில் யெல்லோஸைக் குறைத்து, லேயர் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று காட்டும் மாஸ்க்கில் ஜரிகையை மட்டும் திறந்துவிடுங்கள். முகத்துக்கு அது போகவே கூடாது.