‘ஃபேப்ரிக் மேனிப்புலேஷன்’: கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

துணிக்கு மேடுபள்ள உருக்கொடுக்கும் கலையான ‘ஃபேப்ரிக் மேனிப்புலேஷன்’ என்பதற்கு இங்கே முன்வைக்கப்பட்ட ‘துணி கையாளுகை’ எனக்கு உடன்பாடாக இல்லை. மூலச்சொல்லில் இலத்தீன் மொழியின் ‘கை’ ஒளிந்திருப்பது உண்மைதான். ஆனால் கையாளுகை என்றதும் கிடங்கில் துணிக்கட்டுகளை ஏற்றி இறக்குவதே தமிழில் நினைவுக்கு வருகிறது. ‘உருமாற்றம்’ எனலாமா என்றால், அச்சொல் உயிரியலில் முன்பே வேரூன்றிவிட்டது.

நெய்து முடிந்த தட்டைத் துணியை மடித்தும், சுருக்கியும், முடிந்தும், தைத்து இழுத்தும் மேடுபள்ளமுள்ள வடிவமாக்குவதே இக்கலை. போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகனோவிச் 1960-களில் சைசல் என்னும் கற்றாழை வகை நாரில் படைத்த பேருருவங்களும் முப்பரிமாண இழைக்கலைதான் என்றாலும், அவற்றின் உரு பெரும்பாலும் நெசவிலேயே பிறந்ததால் அவை நம் சொல்லுக்குள் அடங்கா.

ஜப்பானின் நகோயாவில் உள்ள அரிமட்சுப் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் சிபோரி இதற்கு மாறானது. துணியை நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். சாயம் ஏறாத இடங்கள் கோலமாவதோடு, கட்டவிழ்த்த பின்னும் சிறு கூம்புகள் துணியில் எஞ்சுகின்றன. பருத்தியில் அவை துவைத்ததும் தளர்ந்துவிடும். பாலியெஸ்டரிலோ, கோலிக்குண்டை வைத்துக் கட்டிய நிலையிலேயே வெப்பமூட்டி ஆறவிட்டால், இழையின் மூலக்கூறுகள் அப்புதிய வடிவிலேயே இறுகிக் குமிழ் நிலைத்துவிடும். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993-இல் தொடங்கிய ‘பிளீட்ஸ் பிளீஸ்’ உடைகளின் சூட்சுமமும் இதுவே: இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தைத்த பாலியெஸ்டர் உடையைத் தாள்களுக்கிடையே வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மடிப்பேற்றுகிறார்கள்.

குழைவான மண்ணுக்கு உருக்கொடுத்துச் சூளையில் நிலைப்படுத்துவதும் இந்த வேலையும் ஒரே வரிசையில் நடப்பவை. அதனால்தான் குயவர் தொழிலுக்குரிய ‘வனைதல்’ என்ற சொல்லைக் கடன் வாங்கி, ‘துணி வனைவு’ எனப் பரிந்துரைக்கிறேன். அழகுபடுத்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பது கூடுதல் வசதி. ஆனால் இடைவெளி விட்டே எழுத வேண்டும். சேர்த்தெழுதினால் ‘துணிவு’ முதலில் கண்ணில் பட்டு, ஏதோ வீரத்தைப் பற்றிய சொல் என்று படிப்பவர் மயங்கக்கூடும்.

உட்பிரிவுகளுக்குப் பெரும்பாலும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பிளீட்டுக்குச் சேலையின் ‘கொசுவம்’ இருக்கிறது. கேதரிங்குக்குத் தையற்காரர்களின் ‘சுருக்கு’ போதும். இரு துணிகளைத் தைத்து இடையில் பஞ்சடைத்து மேடாக்கும் டிராப்புன்டோவை, சிற்பத்துறையில் புழங்கும் ‘புடைப்புச் சிற்ப’த்தை ஒட்டிப் ‘புடைப்புத் தையல்’ எனலாம். சிபோரியைச் சிபோரி என்றே விட்டுவிடுவது நல்லது. கலம்காரியை நாம் மொழிபெயர்ப்பதில்லையே.

என்னைத் திணறடிப்பது ஸ்மாக்கிங்தான். சீரான நுண்மடிப்புகளாகத் துணியைச் சுருக்கி, அம்மடிப்புகளின் முகட்டில் பூத்தையலிட்டுப் பிணைப்பதால் அது இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்குகிறது. ‘சுருக்குத் தையல்’ என்றால் கேதரிங்கோடு குழம்பும். ‘தேன்கூட்டுத் தையல்’ அதன் பல வகைகளில் ஒன்றை மட்டுமே குறிக்கும். குழந்தைகளுக்குக் கவுன் தைப்பவர்கள் இதை வேறு பெயரால் அழைக்கக் கேட்டவர்கள் குழுமத்தில் இருந்தால், எந்த ஊர் வழக்கு என்பதையும் குறிப்பிட்டு எழுத வேண்டுகிறேன்.