1967-இல் தொடங்கி 1970-இல் வந்த பீட்டில்ஸ் பாட்டு: ‘யூ நோ மை நேம்’ எப்படிப் பதிவானது?

பின்பக்கம்:
‘லெட் இட் பி’ சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டு) பி பக்கத்தில் இருக்கும் ‘யூ நோ மை நேம் (லுக் அப் தி நம்பர்)’ பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முன்பக்கம் அவ்வளவு உருக்கமான பாட்டு, திருப்பிப் போட்டால் இரவு விடுதிக் கூச்சல், முணுமுணுப்பு, கடைசியில் ஒரு சாக்ஸபோன்! சிங்கிள் வந்தது 1970 மார்ச், ஆனால் பதிவு 1967-லேயே தொடங்கிவிட்டது என்கிறார்கள். இடையில் ஏன் கிடப்பில் கிடந்தது? சாக்ஸபோன் வாசித்தது ரோலிங் ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸ் என்பது உண்மையா? அப்புறம், நான் கேட்ட இரண்டு பிரதிகளில் நீளம் வேறு வேறாக இருக்கிறது, எது முழுப்பாட்டு?

டேப்_சுருள்:
கிடப்பில் கிடந்ததற்குக் காரணம் எளிது, 1967-இல் பாடும் குரல் எதுவும் பதிவாகவே இல்லை. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வீட்டில் பியானோ மேல் கிடந்த தொலைபேசி டைரக்டரியில் இருந்த வாசகம் குழுவின் இன்னொருவரான ஜான் லெனனுக்குப் பிடித்துப்போய், அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அமெரிக்கப் பாடகர் குழுவான ஃபோர் டாப்ஸ் பாணியில் ஒரு பாட்டு பண்ணலாம் என்று நினைத்திருக்கிறார். ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் வேலை முடிந்த கையோடு மே 17 அன்று லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் ஆரம்பித்து, ஜூன் 7, 8 தேதிகளிலும் தொடர்ந்து, இசையை மட்டும் பல பகுதிகளாக வாசித்துப் பதிந்தார்கள். ஜூன் 9 அன்று அந்தத் துண்டுகளை ஒட்டி 6 நிமிடம் 8 விநாடிக்கு ஒரே டேப்பாக ஆக்கினார்கள். அடுத்த வாரமே செயற்கைக்கோள் ஒளிபரப்புக்காக ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ வேலை வந்துவிட்டது, இது ஓரமாகப் போனது.

மறுபடி கையில் எடுத்தது 1969 ஏப்ரல் 30. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், அதே நாளில்தான் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் ‘லெட் இட் பி’க்கு ஒரு கிட்டார் சோலோ வாசித்தார், சிங்கிளில் நாம் கேட்பது அந்தச் சோலோதான். ஆக, பின்னால் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களாக வரப்போகிற பாட்டுகள் என்று யாருக்கும் தெரியாமலே இரண்டுக்கும் ஒரே நாளில் வேலை நடந்திருக்கிறது.

நான்காம்_தடம்:
பிரையன் ஜோன்ஸ் உண்மைதான், 1967 ஜூன் 8 பதிவு. மெக்கார்ட்னி கூப்பிட்டபோது கிட்டாரோடு வருவார் என்றுதான் எதிர்பார்த்தாராம், அவர் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். 1969 ஜூலை 3 அன்று இறந்துவிட்டார், பாட்டு வெளியானதைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 30 பற்றி ஒன்று சேர்க்கிறேன். குழு உடைந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனால் அன்றைக்கு லெனனும் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடி, குரல் மாற்றிப் பேசி, உதவியாளர் மல் எவன்ஸ் சரளைக் குவியலில் மண்வெட்டியை விட்டுக் கிளறும் சத்தத்தைக்கூடப் பதிந்து, அந்த ஆறு நிமிடத்தையும் நிரப்பினார்கள். ‘டெனிஸ் ஓபெல்’ என்று பாட்டில் வருகிற பெயர், பீட்டில்ஸின் சொந்தப் படநிறுவனமான ஆப்பிள் ஃபிலிம்ஸில் இருந்த டெனிஸ் ஓடெல்லை வைத்துச் சொன்னது. தலைப்பு வேறு எண்ணைத் தேடிப் பார் என்கிறதா, ரசிகர்கள் நிஜமாகவே தேடி அவர் வீட்டுக்கு ஃபோன் போட ஆரம்பித்துவிட்டார்கள், பாவம்.

கேட்டவன்:
எனக்கென்னவோ இது பி பக்கத்தை நிரப்ப எதையோ எடுத்துப் போட்ட மாதிரிதான் இருக்கிறது.

டேப்_சுருள்:
இல்லைங்க. லெனன் இதைத் தனி சிங்கிளாகவே விட நினைத்தார். 1969 நவம்பர் 26 அன்று அவரே உட்கார்ந்து 6:08-ஐ 4:19 ஆகச் சுருக்கினார். ‘வாட்ஸ் தி நியூ மேரி ஜேன்’ ஒரு பக்கம், இது மறுபக்கம், குழுவின் பெயர் பிளாஸ்டிக் ஓனோ பேண்ட் (லெனனின் தனிக் குழு), தேதி டிசம்பர் 5 என்று அறிவிப்பு வரைக்கும் போய் நின்றுபோனது. மெக்கார்ட்னியோ பின்னாளில் பேட்டியில், பீட்டில்ஸ் பதிவுகளில் அநேகமாகத் தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்றார். அவ்வளவு பேர்பெற்ற பாட்டுகளை எழுதிய மனிதர் இதைச் சொல்கிறார் என்றால் அந்த வார்த்தையை மதிக்கத்தான் வேண்டும்.

நான்காம்_தடம்:
நீளக் குழப்பம் தீர: சிங்கிளிலும் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ தொகுப்பிலும் இருப்பது லெனன் சுருக்கிய 4:19, மோனோ (ஒற்றை ஒலித்தடம்). 1996-இல் வந்த ‘ஆந்தாலஜி 2’இல் இருப்பது 5:44, ஸ்டீரியோ, வெட்டிப்போன ஸ்கா (ஜமைக்கா நடன இசை) தாளப் பகுதி அதில் திரும்ப வந்தது. ஆனால் அதுவும் 6:08 இல்லை. முதலில் மோனோவைக் கேளுங்கள், இரவு விடுதிக்குள் கதவு திறந்து நுழைகிற உணர்வு அதில்தான் அடர்த்தியாக இருக்கிறது. ஸ்கா பகுதிக்காக அப்புறம் ‘ஆந்தாலஜி’க்குப் போகலாம்.