ராஜாவைக் கேட்டு எழுதுவது எழுத்துக்கு வரமா, கேடா?

ஒழுங்கைக்காரி எழுதியது:

வெள்ளவத்தையில் அண்மையில் நடந்த சிறுகதைக் கலந்துரையாடல் ஒன்றில் மூத்த எழுத்தாளர் ஒருவர் சொன்னார்: "இளையராஜா பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு எழுதும் பழக்கத்தை இளையவர்கள் விட வேண்டும். கதையில் பாட்டின் ஈரம்தான் இருக்கிறது, கதை இல்லை." பலர் தலையாட்டினார்கள். மறுத்துப் பேச அங்கே நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சிறுகதை எழுதுகிறவள். ராஜாவிடம் நான் எடுத்துக்கொண்டது சோகத்தையோ மண்வாசனையையோ அல்ல. கட்டுமானத்தை. அவருடைய பாட்டில் முதல் சரணத்துக்கு முன் ஓர் இடையிசை வரும், இரண்டாம் சரணத்துக்கு முன் வேறொன்று வரும். முதலாவதில் வயலின்கள் திரண்டு வந்தால், அடுத்ததில் ஒற்றைப் புல்லாங்குழல் யாரும் எதிர்பாராத வழியால் நம்மைக் கூட்டிக்கொண்டு வந்து அதே சரணத்தில் சேர்த்துவிடும். மெட்டு மாறவில்லை. வந்து சேர்ந்த வழி மாறியதால் அதே மெட்டு வேறாகக் கேட்கிறது. என் கதையில் ஒரு பெண் ஒரே வீட்டுக்குள் இரண்டு முறை நுழைய வேண்டியிருந்தால் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். வீட்டைத் திரும்பவும் வர்ணிக்கத் தேவையில்லை. அவள் எங்கிருந்து வருகிறாள் என்பதை மாற்றினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. 1985இல் வெளிவந்த 'சிந்து பைரவி'யில் 'கலைவாணியே' பாட்டைக் கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது சுரங்கள் மேலேறும் வரிசையை, மட்டும் வைத்து அமைத்தார். இறங்கி வரும் அவரோகணத்துக்கு அதில் இடமே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் பின்னோக்கிப் போகாத கதை ஒன்றை எழுதத் துணிந்தேன். கோட்டையில் ரயில் ஏறும் ஒரு பெண் வெள்ளவத்தையில் இறங்குகிறாள். செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று நிலையங்கள் வரிசையாக வரும், கதையும் அப்படியே முன்னால் மட்டும் போகும். 'நினைத்துப் பார்த்தாள்' என்று ஓரிடத்திலும் எழுதக் கூடாது. அவளுடைய தாயின் மரணத்துக்கென்று முந்திய வடிவத்தில் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் போய், இப்போது ஒரு வரிதான் நிற்கிறது: "கொள்ளுப்பிட்டியில் ரயில் நின்றபோது பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்தாள், இனித் தேவையில்லை என்று தெரிந்தும் நான்காக மடித்துத் திரும்ப வைத்தாள்."

இதில் பாட்டின் ஈரம் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டுங்கள்.

கறுப்பு மை எழுதியது:

அந்தக் கூட்டத்தில் பேசியவன் நான் அல்லன். ஆனால் அவர் பக்கம்தான் நிற்பேன். சிற்றிதழ் ஒன்றுக்கு வரும் கதைகளை வாசித்துத் தெரிவு செய்வது என் வேலை. கொழும்பிலிருந்து வரும் கதைகளில் வயல் வரப்புகளுக்கும் ஆலமரத்தடிகளுக்கும் குறைவே இல்லை. எழுதியவரோ கொட்டாஞ்சேனையில் பிறந்து, காலி வீதியில் வேலைக்குப் போய் வருகிறவர். அந்த வரப்பு எங்கிருந்து வந்தது? 1976இல் 'அன்னக்கிளி'யோடு பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் தன் ஊர்ப் பாட்டைத் திரையிசைக்குள் கொண்டுவந்தார். தாய் பாடக் கேட்டு வளர்ந்தவர், அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகச் சுற்றியவர். அவருக்கு அது வாழ்ந்த வாழ்க்கை. நம்மவருக்கு அது ஒலிப்பதிவு. அடுத்தவர் ஊரை வைத்துத்தான் நம்மவர் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. எழுதுகிறவர் காதில் பாட்டு ஓடுகிறது, கண் கலங்குகிறது. அந்தக் கலக்கத்தைத் தன் வாக்கியம்தான் உண்டாக்கியது என்று அவர் நம்பிவிடுகிறார். வாசகர் காதில் பாட்டு இல்லை. அவருக்குக் கிடைப்பது வெறும் வாக்கியம். எங்களுக்கு வரும் கதைகளில் பாதிக்கு மேல் இந்த நோயால்தான் படுத்துக் கிடக்கின்றன.

கட்டுப்பாட்டைக் கற்கத் திரைப்பாட்டுத்தான் வேண்டுமா? நம்மிடம் வெண்பா இருக்கிறது. உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்துத் திருச்செந்தூர் முருகன்மீது ஓர் அந்தாதியைச் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். அதைப் படித்தவர் எத்தனை பேர்?

ஒழுங்கைக்காரி, உங்கள் வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நல்ல வரி. பின்னோக்கிப் போகாத கதை என்கிறீர்கள். 'இனித் தேவையில்லை என்று தெரிந்தும்' என்ற இடத்தில் கதை திரும்பிப் பார்க்கிறது. அந்தச் சொற்களை எடுத்துவிடுங்கள். மடித்து வைத்தாள் என்பதே போதும்.

ஐந்துகட்டை எழுதியது:

கறுப்பு மை அண்ணா, அக்காவின் வரியில் எந்த இடம் பிசகுகிறது என்று எந்த அளவுகோலை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? அவர் அந்தப் பாட்டிலிருந்து எடுத்துத் தந்த அளவுகோலைத்தானே கையில் வைத்திருக்கிறீர்கள்! அது வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் திருத்தமே சாட்சி.

நான் கொட்டாஞ்சேனைவாசி. கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிறேன், எங்கள் பங்கின் பாடகர் குழுவுக்கு மெட்டமைத்துக் கொடுக்கிறேன். ராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியே பிடித்துப் பாருங்கள். பாடகர் ஒரே சுரத்தில் நீண்டு நிற்பார். அடியில் பேஸ் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே இருப்பது அதே சுரம்தான், ஆனால் கீழே இருக்கும் சுரம் மாற மாற மேலே உள்ளதன் நிறமும் மாறுகிறது. இதை இடது கையில் கொண்டுவர, இரவில் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, பாட்டை ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு நிறுத்தித்தான் பழகினேன். பாடகர் பாடுவதையே இடது கையாலும் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு கைகளும் இரண்டு கதை சொல்லலாம் என்று அதில்தான் புரிந்தது. இப்போது எங்கள் குழு 'ஆமென்' என்று நீட்டும் இடத்தில் பெண்குரல்களை நிற்க வைத்து ஆண்குரல்களை அடியில் நகர்த்துகிறேன். பூசைக்கு வருகிறவர்களில் ஒருவரும் அதை ராஜா என்று அடையாளம் கண்டதில்லை, காணவும் முடியாது. மெட்டு என்னுடையது.

ராஜாவே இப்படித்தான் கற்றார். ஜெர்மன் இசைமேதை பாக் இளமையில் இத்தாலியரான விவால்டியின் கொன்செர்ட்டோ என்னும் வாத்திய இசைகளைத் தன் கருவிக்கு மாற்றி எழுதிப் பழகினார். ராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில், பாக் வயலினுக்கு எழுதிய ஒரு முகப்பிசையை எடுத்து அதைச் சுற்றித் தன் தந்திக் கருவிகளைப் பின்னினார். அந்தத் தொகுப்பையே தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதற்காக அவரை யாரும் பாக்கின் நிழல் என்று சொல்வதில்லையே!

கறுப்பு மை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், ஏனென்றால் நீங்கள் இசைக்காரர். ராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். தொழிலைத் தொழில்காரரிடம் கற்பது அது. நீங்கள் அடியில் வரும் சுரத்தைக் கேட்டு அடியில் ஒரு சுரத்தைப் போடுகிறீர்கள். எழுத்தாளர் எதைக் கேட்டு எதைப் போடுகிறார்? 'என் கதையில் ராஜாவின் இடையிசை இருக்கிறது' என்று சொல்வது எளிது, சரிபார்க்க வழி இல்லை. பிசகாக வாசித்தால் உங்கள் காது உங்களைத் தடுத்துவிடும். எழுத்தாளரைத் தடுப்பது எது?

இன்னொன்றையும் கவனிக்கிறேன். இத்தனை பேர் பேசியும் ராஜாவின் ஒரு பாட்டையாவது யாரும் குறை சொல்லவில்லை. கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் கற்பது கடினம்.

செட்டியார் தெரு எழுதியது:

நான் நகை வடிவமைப்பு வரைகிறவன். பெரிய விளக்கம் எனக்கு வராது. காலையில் வேலை மேசையில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் போட்டால் கை நிதானத்துக்கு வருகிறது. பென்சில் கோடு நடுங்குவதில்லை. அந்தப் பாட்டிலிருந்து எந்த வடிவத்தையும் நான் எடுத்ததில்லை, தேடவும் இல்லை. வேலையைத் தொடங்க வைக்கிறதே, அது போதாதா? இங்கே இரண்டு பக்கத்தாரும் பாட்டின்மேல் அதிகச் சுமை ஏற்றுகிறீர்கள் என்று படுகிறது.

பம்பலப்பிட்டி ஆசிரியை எழுதியது:

எனக்கு வேறொரு கேள்வி. பிரேமசிறி கேமதாச இதே நாட்டில், வாத்துவையில் பிறந்து, கொழும்பில் வேலை செய்து, 2008இல் மறைந்தவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கொலு ஹதவத' என்ற சிங்களப் படத்துக்கு 1968இல் இசையமைத்தவர். சிங்களத்தில் ஒபேராக்கள் எழுதியவர். மேற்கத்திய வாத்தியக்குழுவையும் உள்ளூர் மெட்டையும் எப்படிச் சேர்ப்பது என்று ராஜா சென்னையில் போராடிய அதே கேள்வியோடு அவர் இங்கே போராடினார். கொழும்பில் எழுதும் தமிழர்களில் எத்தனை பேர் அவரை உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள்? நாம் வாழும் நகரத்தின் ஓசை நம் எழுத்தில் வரவில்லை என்று கறுப்பு மை வருந்துகிறார். அந்த நகரத்தின் பாதி ஓசைக்கு நாம் காது கொடுக்கவே இல்லை. ராஜாவை விடச் சொல்லவில்லை. அவரோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன்.

ஒழுங்கைக்காரி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு: கேமதாசவைக் கட்டாயம் கேட்கிறேன், ஆர்வத்தோடு. ஆனால் ஒருவரை நேசிப்பது முகவரியைப் பார்த்து வருவதில்லை. எங்கள் வீட்டில் ராஜா வெளியூர்க்காரர் அல்லர். காலையில் வானொலியைத் திருப்பினால் முதலில் வருகிறவர் அவர்தான். பேசக் கற்றதும் அவரைக் கேட்டதும் ஒரே காலம். கடமைக்காகக் கேட்கும் இசையிலிருந்து எழுத்து பிறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கறுப்பு மை அவர்களுக்கு: எழுத்தாளரைத் தடுப்பது எது என்று கேட்டீர்கள். அதே செவிதான். நான் ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்துத்தான் முடிப்பேன். மூன்று வாக்கியங்கள் ஒரே நீளத்தில் வந்தால் தாளக்காரர் தூங்கிவிட்டது போல் கேட்கிறது. அப்படிக் கேட்கப் பழக்கியவர் அவர். குறை சொல்லவில்லை என்றீர்கள். சொல்கிறேன்: தொண்ணூறுகளுக்குப் பிந்திய பல பாட்டுகளில் மின்னணு ஒலிகள் வாத்தியக்காரர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன, அவை எனக்கு எதையும் தருவதில்லை. அப்படியிருந்தும் 2025 மார்ச்சில், 81 வயதில், லண்டன் மேடையில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றினார். நாற்பது வயதில் கதையை நிறுத்திவிட்ட நம் எழுத்தாளர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும், சொல்ல விரும்பவில்லை. அந்த விடாப்பிடியும் நான் அவரிடம் எடுத்துக்கொண்டதுதான்.

மருதானை மூத்தவன் எழுதியது:

பிள்ளைகள் எல்லாரும் நன்றாகவே வாதிடுகிறீர்கள். கறுப்பு மை சொன்ன 'அடுத்தவர் ஊர்' என்ற சொல்லை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில்தான் நாங்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டோம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதே வானொலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆகவே அது அவர்களுடைய பாட்டு, எங்களுக்கு இரவல் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்செயல்களுக்குப் பிறகு பஸ்ஸில் தமிழ் பேசக் குரலைத் தாழ்த்தினோம். வீட்டுக்குள் வானொலியையும் தாழ்த்தினோம். ஒலி வெளியே போகாதபடி பெட்டிக்கு அருகில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்போம். அந்தப் பாட்டில் வந்த வயலில் நாங்கள் கால் வைத்ததில்லை என்பது உண்மை. எங்கள் தெருவிலும் அப்போது கால் வைக்க முடியவில்லையே! பாட்டு முடியும்வரைக்கும் அந்த வெளியில் இருந்தோம். அதைக் கள்ள அனுபவம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த நாட்களில் நானும் கவிதைகள் எழுதினேன். அவற்றில் வரப்பு வந்தது. அதற்காக எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கறுப்பு மை எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் பலமுறை வாசித்தேன். நான் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான். பெட்டிக்கு அருகில் இழுத்துப் போட்ட அந்தக் கதிரை கொழும்புக் கதை. எங்களிடம் வந்த எந்தக் கதையிலும் அது இல்லை. பாட்டில் வரும் வயலை எழுதுகிறார்கள், பாட்டைக் கேட்ட அறையை எழுதுவதில்லை. அந்த அறையை யாராவது எழுதி அனுப்பினால் அதற்கு முன்னால் என் வாதத்தை நானே எடுத்து வைத்துவிடுவேன்.

மற்றபடி என் நிலை மாறவில்லை. காதில் பாட்டு ஓடும்போது எழுதியதை, பாட்டை நிறுத்திவிட்டு மறுநாள் வாசியுங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஐந்துகட்டை எழுதியது:

அண்ணா, மறுநாள் வாசிப்பது எங்களிடமும் உண்டு. இரவில் அமைத்த மெட்டைக் காலையில் வெறும் வாயால் பாடிப் பார்ப்போம், கீபோர்டைத் தொடாமல். அப்போதும் நின்றால்தான் குழுவுக்குக் கொடுப்பேன். இந்த ஒரு விடயத்தில் நீங்களும் நானும் ஒரே பக்கம்.

ஒழுங்கைக்காரி எழுதியது:

நானும் எழுதும்போது பாட்டைப் போடுவதில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம், ஆனால் கேள்வி எழுதும் நேரத்தைப் பற்றியது அல்ல. எழுதாத நேரத்தில் கேட்டது எழுதும் கையில் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது.

மருந்துச் சீட்டு வரியைப் பல நாட்களாக மாற்றி மாற்றிப் பார்த்தேன், கறுப்பு மை. 'இனித் தேவையில்லை என்று தெரிந்தும்' என்பதை நான் எடுக்கப் போவதில்லை. அவள் அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கிறாள். அது நினைவு அல்ல, நிகழ்காலம். அதை எடுத்தால் வாசகருக்கு ஒரு காகிதத்தை மடிக்கும் பெண்தான் மிஞ்சுவாள். நீங்கள் அவளுடைய தாயின் மரணத்தை ஏற்கெனவே என் விளக்கத்தில் படித்துவிட்டதால்தான் உங்களுக்கு அந்தச் சொற்கள் மிகையாகப் படுகின்றன. கதையை முழுதாக அனுப்புகிறேன். இந்த விவாதத்தை அறியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவரும் அதே இடத்தில் தடுக்கினார் என்றால், எந்தச் சொல்லில் என்று குறித்து அனுப்புங்கள்.