நவம்பர் 1–8 கல்லறை சந்திப்பு: பரிபூரண பலன் பற்றிச் சில சந்தேகங்கள்

செபமாலை நேயர் (கேள்வி):
அனைவருக்கும் தோத்திரம். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய்ச் செபித்தால் இறந்தவர்களுக்குப் பரிபூரண பலன் கிடைக்கும் என்று ஒவ்வொரு வருடமும் பூசையில் அறிவிக்கிறார்கள். விவரமாக யாரும் சொல்வதில்லை. எட்டு நாளுக்கும் எட்டுப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யணுமா? ஒரே நாளில் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என இரண்டு பெறலாமா? படுத்த படுக்கையாய் இருக்கிற பெரியம்மாவுக்கு ஒப்புக்கொடுக்கலாமா? பழைய செபப் புத்தகத்தில் ‘300 நாள் பலன்’, ‘7 வருடப் பலன்’ என்று போட்டிருக்கிறதே, உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் தூய்மை பெறும் நிலையில்) அத்தனை நாள் குறையும் என்று அர்த்தமா?

வேதியர்:
பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது, நித்திய தண்டனையும் (நரகமும்) நீங்குகிறது. அநித்திய தண்டனை, அதாவது இவ்வுலகிலோ உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்க்க வேண்டியது, பாக்கி நிற்கலாம். தாவீதின் பாவத்தை ஆண்டவர் நீக்கிவிட்டார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன பிறகும் அதன் விளைவைத் தாவீது சுமந்தாரே (2 சாமுவேல் 12), அதுபோல. கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுபலன்களிலிருந்து எடுத்து அந்தப் பாக்கியைத் திருச்சபை தீர்ப்பதுதான் பலன். முழுவதும் தீர்ந்தால் பரிபூரண பலன், ஒரு பங்கு தீர்ந்தால் பகுதிப் பலன். ஆகவே பலன் பெறுவது பாவமன்னிப்புப் பெறுவதாகாது. சாவான பாவத்தோடு (மன்னிப்புப் பெறாத கனமான பாவத்தோடு) கல்லறைக்குப் போய் எத்தனை செபமாலை சொன்னாலும் பலன் இல்லை.

செய்ய வேண்டியது: கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டுங்கள். மனதுக்குள் வேண்டினாலும் செல்லும். அதோடு பாவசங்கீர்த்தனம், நற்கருணை உட்கொள்ளுதல், திருத்தந்தையின் (போப்பின்) கருத்துக்காக, அதாவது அவர் வேண்டிக்கொள்ளும் காரியங்களுக்காகச் செபம். இந்தக் கடைசிக்கு ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு அருள் நிறைந்த மரியே போதும். விரும்பினால் வேறு செபமும் சொல்லலாம். அந்த மாதம் திருத்தந்தையின் கருத்து என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பலரும் கோட்டைவிடுவது இன்னொரு நிபந்தனையில். அற்பப் பாவம் (சிறு பாவம்) உட்பட எந்தப் பாவத்தின் மீதும் பற்று இருக்கக் கூடாது. பலவீனத்தால் திரும்பத் திரும்ப விழுவது வேறு, பற்று வேறு. ‘தம்பியோடு இந்த ஜென்மத்தில் பேச மாட்டேன்’ என்று வைராக்கியத்தை மடியில் கட்டிக்கொண்டு தகப்பனின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினால், அது பற்று. பற்று இருந்தாலோ, மற்ற நிபந்தனைகளில் ஒன்று விட்டுப்போனாலோ, பரிபூரண பலன் பகுதிப் பலனாகக் குறைந்துவிடும்.

அன்பியம்:
பாவசங்கீர்த்தனம் எட்டு நாளுக்குள் இருக்கணும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எட்டு நாள் கல்லறைக்குப் போவதானால் முதல் நாளே செய்துவிட்டால் சரியாக வரும்.

திருச்சட்ட வாசகர்:
எட்டு நாள் கணக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இருந்தது. இப்போது பலனுக்குரிய செயலுக்குச் சில நாள் முன்போ பின்போ செய்யலாம். 2000ஆம் ஆண்டு யூபிலியை (புனித ஆண்டை) ஒட்டி வத்திக்கான் தந்த விளக்கத்தில் ஏறக்குறைய 20 நாள் என்று வந்தது. ஒரே பாவசங்கீர்த்தனம் பல பரிபூரண பலன்களுக்குச் செல்லும். நற்கருணையும் திருத்தந்தைக்கான செபமும் அப்படியல்ல, ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியே வேண்டும். அன்றைக்கே செய்துவிடுவது உத்தமம். ஆக எட்டு நாளுக்கு ஒரு பாவசங்கீர்த்தனம், எட்டு நற்கருணை, எட்டு முறை திருத்தந்தைக்கான செபம்.

ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான்; மரண நேரத்துப் பலன் மட்டும் விதிவிலக்கு. நவம்பர் 2 அன்று கோவிலைச் சந்தித்து கர்த்தர் கற்பித்த செபமும் விசுவாச அறிக்கையும் சொன்னாலும் இறந்தோருக்குப் பரிபூரண பலன் உண்டு. ஆனால் கல்லறை, கோவில் இரண்டுக்கும் போனாலும் ஒன்றுதான் பரிபூரணம். அப்பாவுக்கு ஒரு நாள், அம்மாவுக்கு மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் மீது திருச்சபைக்கு நேரடி அதிகாரம் இல்லாததால், இதை மன்றாட்டாகத்தான் ஒப்புக்கொடுக்கிறோம். ‘அப்பா இன்றோடு மோட்சம் போய்விட்டார்’ என்று கணக்கு முடிக்க முடியாது.

உயிரோடிருக்கும் இன்னொருவருக்குப் பலனை ஒப்புக்கொடுக்க முடியாது (திருச்சபைச் சட்டம் 994). தனக்காக அல்லது இறந்தவர்களுக்காக மட்டும். நவம்பர் 1–8 கல்லறைப் பலனோ இறந்தவர்களுக்கு மட்டுமே. பெரியம்மா தன் பலனைத் தானே பெறலாம். படுத்திருப்பவர் செய்ய முடியாத செயலுக்கு மாற்றாக, முடிந்த ஒன்றைக் கொடுக்கப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கு அதிகாரம் உண்டு. நற்கருணை கொண்டு வரும்போது கேளுங்கள். அவஸ்தை (மரண) நேரத்தில் குருவானவர் திருத்தந்தையின் பெயரால் கொடுக்கும் அப்போஸ்தலிக்க ஆசீரிலும் பரிபூரண பலன் உண்டு. குரு வர முடியாமல் போனாலும், வாழ்நாளில் ஏதாவது செபம் சொல்லும் பழக்கம் உள்ளவராய், தகுந்த மனநிலையில் இருப்பவருக்குத் திருச்சபையே அதை அளிக்கிறது. பாடுபட்ட சுரூபத்தை (இயேசு அறையப்பட்ட சிலுவையை) கையில் கொடுப்பது நல்லது.

‘300 நாள்’ உத்தரிக்கிற ஸ்தலத்தின் காலண்டர் அல்ல. ஆதித் திருச்சபையில் கடும் பாவங்களுக்கு நாள், வருடக் கணக்கில் பகிரங்கத் தவம் இருந்தது. அத்தனை நாள் தவத்துக்கு ஈடான பலன் என்பதே பொருள். சனங்கள் தப்பாகவே எண்ணிவந்ததால் திருத்தந்தை 6ஆம் பவுல் 1967இல் நாள் கணக்கை எடுத்துவிட்டார். இப்போது பரிபூரணம், பகுதி என்ற இரண்டே.

செபமாலை நேயர்:
மிக்க நன்றி ஐயா. கல்லறை தூரம். வீட்டில் செபமாலை சொன்னால் பரிபூரண பலன் உண்டா? நவம்பர் மாதம் முழுக்கப் பலன் என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. பூசைக்குப் பணம் கட்டினால்?

வேதியர்:
வீட்டில் குடும்பமாகச் சொன்னால் உண்டு, கோவிலில் என்றால் தனியாகச் சொன்னாலும் உண்டு. பத்துப் பத்து மணிகளான ஐந்து பகுதிகளையும் இடைவிடாமல், வாய்விட்டு, மறையுண்மைகளை (இயேசு, மரியாள் வாழ்வின் நிகழ்வுகளை) தியானித்துச் சொல்லணும். காலையில் இரண்டு, ராத்திரி மூன்று என்று பிரித்தால் பகுதிப் பலன்தான். நற்கருணை முன் அரை மணி நேர ஆராதனை, அரை மணி நேர வேதாகம வாசிப்பு, நிலைக்கு நிலை நகர்ந்து செய்யும் சிலுவைப்பாதை ஆகியவற்றுக்கும் எந்த நாளிலும் உண்டு. பாவசங்கீர்த்தனம் முதலிய நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் அதேதான்.

மாதம் முழுக்க என்பது 2020, 2021இல் கொரோனாவுக்காகக் கொடுத்த சலுகை. நிலையான விதி 1–8. மற்ற நாட்களில் கல்லறைக்குப் போனால் பகுதிப் பலன்.

திருச்சட்ட வாசகர்:
பணத்துக்கும் பலனுக்கும் தொடர்பே கிடையாது. புனித பேதுரு பேராலயம் கட்டும் செலவுக்காக ஜெர்மனியில் தெட்செல் போன்ற போதகர்கள் பலனைக் காசாக்கிய விதம் மார்ட்டின் லூத்தரின் 1517 எதிர்ப்பில் போய் முடிந்தது. காணிக்கையோடு இணைந்த பலன்கள் அனைத்தையும் திருத்தந்தை 5ஆம் பத்திநாதர் 1567இல் ரத்துசெய்தார். நீங்கள் கட்டுவது பூசைக் கருத்துக்கான காணிக்கை, அது வேறு சங்கதி. இறந்தவருக்காக 30 நாள் தொடர்ந்து வைக்கும் கிரகோரியார் பூசைகளையும் சிலர் இதோடு குழப்புகிறார்கள். அவையும் இந்தப் பலன்களின் பட்டியலில் வராது.