1998 லேப்டாப்: அடாப்டர் செருகினால் லைட் ஒருமுறை மின்னி அணைகிறது, போர்டில் ஷார்ட்டா?

கடலோரவீடு:
வணக்கம். அப்பா தன் அச்சகக் கணக்குக்காக வாங்கிய லேப்டாப் இது. பென்டியம் எம்எம்எக்ஸ், விண்டோஸ் 98. பல வருடமாகப் பரணில் கிடந்தது. வீடு திருவான்மியூரில், கடலுக்கு ரொம்பப் பக்கம், உப்புக் காற்றில் கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடித்து உதிர்கிற இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது 15 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பச்சை லைட் ஒரு கணம் மின்னுகிறது, உடனே அடாப்டர் லைட்டும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. தனியாக அளந்தால் அடாப்டர் சரியாக 15 வோல்ட் காட்டுகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் இதே கதைதான். ஒரு சர்வீஸ் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். அப்பாவின் கணக்கு முழுக்க ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் புரோகிராமில் இருக்கிறது, மனசு வரவில்லை. மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் ஓரளவு வரும். எங்கே தொடங்குவது?

மாம்பலம்_மீட்டர்:
போர்டைத் தொடும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். அது 44 பின் ஐடிஇ டிஸ்க்காக இருக்கும், வேறு கம்ப்யூட்டரில் மாட்ட யுஎஸ்பி அடாப்டர் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், இல்லையென்றால் ஆன்லைனில். முழு டிஸ்க்கையும் இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் கால்க்கிலேயே திறக்கலாம். கணக்கு பத்திரமாகிவிட்டால் ரிப்பேரை நிதானமாகப் பார்க்கலாம்.

பழையபோர்டு:
தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது, அதாவது உள்ளே எங்கேயோ ஷார்ட். மின்சாரம் எதுவும் இல்லாமல், பேட்டரியும் இல்லாமல், அடாப்டர் ஜாக்கில் தொடங்கி ஃபியூஸ், அதற்கடுத்த மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), பிறகு மெயின் லைன் என்று ஒவ்வொரு இடத்திலும் கிரவுண்டுக்கு எத்தனை ஓம் என்று அளந்து எழுதுங்கள். மீட்டர் வயர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் காட்டும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். சிபியு லைனில் இயல்பாகவே ஓம் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து சிபியு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அப்புறம், போர்டில் நீலமோ பச்சையோ உறை போட்ட சின்ன பேட்டரி (தேதியையும் செட்டிங்கையும் காப்பது) இருக்கிறதா, அதைச் சுற்றிப் பாசி மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடலோரவீடு:
டிஸ்க் இமேஜ் எடுத்துவிட்டேன், எல்லா ஃபைலும் இருக்கிறது, மாம்பலம்_மீட்டருக்கு ரொம்ப நன்றி. அளவு இதோ: ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, மெயின் லைன் கிரவுண்டுக்கு 1.1 ஓம். சின்ன பேட்டரி ஒழுகியிருக்கிறது, பக்கத்தில் பச்சையாகப் படிந்து ஒரு டிராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) கறுத்துப் போயிருக்கிறது.

ஹாட்ஏர்_ரவுண்டு:
போர்டு முழுக்க ஹாட் ஏர் (சால்டரை உருக்கும் சூடான காற்று) காட்டுங்க ப்ரோ, பாதிக்குப் பாதி சரியாகிவிடும்.

பழையபோர்டு:
அதைச் செய்யவே வேண்டாம். இது சால்டர் விட்டுப்போன கேஸ் இல்லை, ஷார்ட். சூடு காட்டினால் ஷார்ட் போகாது, நன்றாக இருக்கிற பிளாஸ்டிக் கனெக்டர்கள்தான் உருகும்.

முதலில் ஒழுகிய பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தக் கசிவு காரம், அதனால் வெள்ளை வினிகரைப் பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, கடைசியில் ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் சிப்புகளுக்கு அடியில் ஈரம் நிற்கும், ஃபேன் காற்றில் ஒரு நாள் விடுங்கள். கறுத்த டிராக்கின் இரண்டு முனைக்கும் மீட்டரில் பீப் வராவிட்டால் எனாமல் வயரில் ஜம்பர் போட்டு இரண்டு முனையையும் இணைக்க வேண்டியதுதான்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஒரு பென்ச் பவர் சப்ளை (வோல்ட்டையும் கரன்ட்டையும் நாமே வைக்கக்கூடியது) வேண்டும், கல்லூரி லேபிலாவது கேட்டுப் பாருங்கள். 1 வோல்ட், கரன்ட் லிமிட் 1 ஆம்பியர் வைத்து மெயின் லைனில் கொடுங்கள். 15 வோல்ட் ஓடவேண்டிய லைன் என்பதால் 1 வோல்ட்டில் மற்ற பாகங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஷார்ட்டான பாகம் மட்டும் சூடாகும். மேலே ஆல்கஹாலைத் தடவினால் எந்த இடம் முதலில் காய்கிறதோ அதுதான் ஆள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அந்தக் காலத்து போர்டு என்றால் என் சந்தேகம் மஞ்சள் டான்டலம் கெப்பாசிட்டர் மேல்தான், போனால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் போகும்.

கடலோரவீடு:
சார், அதேதான். ஜாக்குக்குப் பக்கத்திலிருந்த 22 மைக்ரோஃபாரட் டான்டலம் மேல் தடவிய ஆல்கஹால் கண்ணெதிரே காய்ந்துவிட்டது. கழற்றியதும் லைன் பல கிலோ ஓமுக்கு ஏறிவிட்டது. அதில் 25 வோல்ட் என்று போட்டிருக்கிறது, அதையே வாங்கலாமா?

பழையபோர்டு:
35 வோல்ட் வாங்குங்கள். டான்டலத்துக்கு லைன் வோல்ட்டேஜைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் நிம்மதி. இன்னொன்று முக்கியம்: இதில் கோடு போட்ட பக்கம் பிளஸ். சாதாரண அலுமினியக் கெப்பாசிட்டரில் கோடு மைனஸ், அந்தப் பழக்கத்தில் மாட்டினால் வெடிக்கும்.

கடலோரவீடு:
ரிச்சி தெருவில் 35 வோல்ட் கிடைத்தது. மாட்டி, டிராக்குக்கு ஜம்பரும் போட்டாயிற்று. ஓடுகிறது! சிமாஸ் (தேதி, செட்டிங் இருக்கும் சின்ன மெமரி) செக்சம் எரர் என்று வந்தது, எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் 98 வரை போகிறது. அப்பா வந்து உட்கார்ந்து 2001 தீபாவளி மலர் ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். அந்தச் சின்ன பேட்டரி இருந்த இடத்தில் 2032 பட்டன் செல் போடலாமா?

மாம்பலம்_மீட்டர்:
அப்படியே போடாதீர்கள். அங்கே இருந்தது சார்ஜ் ஏறும் பேட்டரி, போர்டு அதற்குச் சார்ஜ் அனுப்பிக்கொண்டே இருக்கும், பட்டன் செல் அதைத் தாங்காது. நடுவில் ஒரு டயோடு போட்டு சார்ஜைத் தடுங்கள். வயர் நீட்டி செல்லைப் போர்டை விட்டுத் தள்ளி வைத்தால் இனி ஒழுகினாலும் டிராக் தப்பிக்கும்.