அப்பாரு எடுத்த ஸ்லைடுகளை ஸ்கேன் செய்ய உதவி வேண்டும்

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் அப்பாரு வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய 35 மி.மீ. ஸ்லைடுகள் (புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கிற ஃபிலிம் படங்கள்) கிடைத்தன. அந்தியூர் குருநாதசாமி திருவிழாக் குதிரைச் சந்தை, கொடிவேரி அணை, அப்புறம் களத்தில் நெல் தூற்றுகிற ஆத்தா. ஆத்தாவுக்கு இருக்கிற ஒரே கலர்ப்படம் அதுதான்.

மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி 2400 டிபிஐ வைத்தேன், சுமார் 3400க்கு 2270 பிக்சல் வருகிறது, அளவு போதும், ஆனால் படம் திருத்துகிற ஜிம்ப் மென்பொருளில் திறந்தால் நிழல் பகுதியெல்லாம் கரிக்கட்டையாக இருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளி புள்ளியாக உடைகிறது. ஜேபெக்கில் சேமித்தது தப்போ? நிற விவரம் அதிகம் தங்குகிற 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால் சரியாகுமா, இல்லை ஸ்கேன் செய்யும்போதே எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டுமா?

பாதி ஸ்லைடுகள் கோடாக்ரோம் என்கிற பழைய கோடாக் ஃபிலிம். அதற்கு ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கம் (அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்துத் தானே அழிக்கிற வசதி) ஒத்துவராது என்று தெரியும், அதனால் அதை நிறுத்திவிட்டுக் கையாலேயே குளோன் செய்கிறேன் (பக்கத்துப் பகுதியை நகலெடுத்துத் தூசியை மறைக்கிறேன்). மீதி ஸ்லைடுகள் சிவப்படித்துக் கிடக்கின்றன, ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸில் எந்த நிறத்திலிருந்து தொடங்குவது?

ஆத்தா படத்தில் பூஞ்சை படிந்திருக்கிறது. அதைத் துடைக்கப் பயமாக இருக்கிறது. ஈரோடு, கோவை பக்கம் ஸ்லைடு ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்க, நானே பெட்டியோடு வருகிறேன்.