கெர்ஃப்: ரம்பம் தின்னும் இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

சிறிய அடுக்குமாடி வீட்டில் முதல் அலமாரி செய்பவருக்கான கையேட்டுச் சொற்பட்டியலில் ஒன்று மட்டும் இடறுகிறது: கெர்ஃப். ரம்பம் ஓடும்போது தூளாகிப் போகிற மெல்லிய பட்டை, அது போன பின் நிற்கும் இடைவெளி, இரண்டும் அதுதான். உளி, இழைப்புளி, மூலமட்டம் என்று மற்றதற்கெல்லாம் பட்டறைச் சொல் இருக்கிறது. இதை ‘ரம்பம் தின்னது போக’ என்று பேச்சில் சமாளிக்கலாம். வரைபடத்தில் அளவு குறிக்கப் பெயர்ச்சொல் வேண்டும்.

புதியவர் முதலில் தவறுவதும் இங்கேதான். 1220 மி.மீ. அகலப் பிளைவுட்டை நான்காக்க, தாளில் 305 என்று எழுதிவிடுவார். மூன்று அறுப்பு, வட்ட ரம்பம் தலைக்கு 3 மி.மீ. தின்னும். கடைசிப் பலகை 296-தான் தேறும். 300 என்று திட்டமிட்டால் கடைசிப் பலகையையும் அளவுக்கு அறுக்க வேண்டும்; அந்த நான்கு அறுப்புக்கும் 12 போக 8 மி.மீ. கையில் நிற்கும்.

என் முன்மொழிவு: அறுப்புச் சேதாரம்.

* * *

> அறுப்புச் சேதாரம்

கேட்டவுடன் புரிகிறது, அதுவரை சரி. ஆனால் சேதாரம் என்பது கணக்கு. துண்டு துக்கடா, வெடிப்புள்ள முனை, முடிச்சு விழுந்த பகுதி எல்லாம் அதில் சேரும். கெர்ஃப் ஓர் இடம். பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது மரத்தின் உள்ளிறுக்கம் விடுபட்டு இரு பக்கமும் நெருங்கி ரம்பத்தைக் கவ்வும். மின்ரம்பம் என்றால் ஆளை நோக்கி உதைக்கும். அதைத் தடுக்க, அறுத்துக் கடந்த பகுதியில் மெல்லிய ஆப்பு செருகுகிறோம். சேதாரத்தில் ஆப்பு செருக முடியுமா?

வளைப்பு வேலையும் இருக்கிறது. 12 மி.மீ. பிளைவுட்டில், வளைவின் வெளிப்புறம் 2.5 மி.மீ. மட்டும் விட்டு, உட்புறத்திலிருந்து 9.5 மி.மீ. ஆழத்துக்கு வரிசையாக அறுத்து மடக்கினால், ஒவ்வொரு இடைவெளியும் மூடிக்கொள்ளும்போது பலகை வளையும். 1 மி.மீ. இடைவெளிக்குச் சுமார் 6 பாகை. செங்கோணத்துக்கு 15 அறுப்பு. 3 மி.மீ. என்றால் 5 போதும், ஆனால் வளைவு முறித்து முறித்துத் தெரியும். இங்கே வேலையைச் செய்வதே அந்த வெற்றிடம்தான், அதை நட்டமென்று அழைப்பது பொருந்தவில்லை.

வாள்தடம் என்று வைக்கலாமே?

* * *

> வாள்தடம்

தடம் பரப்பின் மேல் பதிவது. அறுத்த முகத்தில் பற்கள் விட்டுப்போகும் வரிகளுக்கு அந்தச் சொல் தேவைப்படும் (உப்புத்தாளால் தேய்த்துப் போக்குகிறோமே, அவை). அதற்கே வைத்துக்கொள்வோம்.

நான் சொல்வது: அறுவாய். ‘அறுவாய் நிறைந்த அவிர்மதி’ என்று குறள் 1117-இல் வருகிறது. தேய்ந்து குறைந்த இடம் என்று பொருள். நிலவில் இல்லாமற்போன பகுதிக்கு நின்ற சொல், பலகையில் இல்லாமற்போன பகுதிக்கும் நிற்கும். கால்வாய், கணவாய் என வாயில் முடியும் இடப்பெயர்கள் நமக்குப் பழக்கமும்கூட.

கையேட்டு வரிகளில் வைத்துப் பார்க்கிறேன்:

“அடுக்குமாடிக்கு இழுப்பு ரம்பம் உகந்தது. இழுக்கும்போது அறுப்பதால் தகடு விறைத்து நிற்கும். அதனால் தகட்டை மெல்லியதாக அடிக்க முடிகிறது. அறுவாய் 1 மி.மீ. அளவில்தான் இருக்கும், தூளும் ஓசையும் குறைவு.

“தகட்டின் தடிமனை அறுவாய் என்று கொள்ளாதீர்கள். தகடு சிக்காமல் ஓட, பற்களை இருபுறமும் சற்று விரித்திருப்பார்கள். அறுவாய் எப்போதும் தகட்டைவிட அகலம். கழிவுத் துண்டொன்றை அளந்து, பத்து முறை குறுக்கே அறுத்து, துண்டுகளைச் சேர்த்து வைத்து மறுபடி அளந்து, குறைந்ததைப் பத்தால் வகுங்கள். ஒரே அறுப்பில் அளந்தால் அளவுநாடாவின் பிழை விடையை விழுங்கிவிடும்.

“கோட்டைக் கத்தியால் கீறி, அறுவாய் முழுவதும் கழிவுப் பக்கம் விழும்படி ரம்பத்தை வையுங்கள். கோட்டின் நடுவே அறுத்தால் பாதி அறுவாய் உங்கள் பலகையிலிருந்து போகும். ஒரு தட்டு கோட்டின் மேலும் மற்றது கோட்டுக்கு வெளியேயும் அறுபட்டால் நீளம் ஒன்றுக்கொன்று மாறும். மாட்டும்போது அலமாரி கோணிக்கொள்ளும், திருகாணியை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.”

* * *

> அறுவாய்

பொருளில் குறையில்லை, ஒலியில் இருக்கிறது. பேச்சில் ‘அறுவா’ ஆகும். “அறுவா எவ்வளவு?” என்று கேட்டால் புல் அறுக்கிற அருவாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ‘ஆறு வாய்’ என்று பிரித்துப் படிக்கவும் இடமுண்டு.

வாயை விடாமல் முன்பாதியை மட்டும் தெளிவாக்கலாம்: அறுப்புவாய். ஓரசை கூடுகிறது, குழப்பம் போகிறது. மேலே உள்ள வரிகளில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. ‘அறுப்புவாயில் ஆப்பு செருகு’ என்பது தச்சர் பேச்சாகவே ஒலிக்கிறது.

* * *

முதலில் எழுதியவன். சேதாரத்தை விட்டுவிடுகிறேன். பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: இடைவெளிக்கு அறுப்புவாய்; திட்டத்தில் அதற்காகக் கூட்டும் அளவுக்கு அறுப்பு ஈடு; முகத்தில் விழும் வரிகளுக்கு வாள்தடம்; வளைக்கும் முறைக்கு வாய்வெட்டு வளைப்பு. முதல் வருகையில் மட்டும் அருகே கெர்ஃப் என்று தமிழெழுத்தில் இருக்கட்டும், கடையில் ரம்பத் தகடு கேட்பவருக்கு அதுவும் வேண்டியிருக்கும்.

பற்களை விரிப்பதற்குப் ‘பல்விரிப்பு’ போதுமா? பட்டறைகளில் வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.